பிரேக் அக்காவின் வலது கால்

அந்தப் பாட்டுக் குழுவுக்கு ஒரு நல்ல பெயர் வைக்க வேண்டும் என்று ஏழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசி முடிப்பதற்குள் நேரமாகிவிடும், அவரவர் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் குழுவை நடத்துகிறவளுக்குப் பெயர் வைக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிரேக் அக்கா. அவ்வளவுதான். அவளைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இப்போது மின்சார ரசீதில் மட்டும்தான் இருக்கிறது.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட். ஸ்டியரிங் எப்போதும் யாரோ ஒருவர் கையில். உயிர் மட்டும் இவள் கையில். இல்லை, காலில். அவள் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதன்மேல் வலது காலை வைத்தே பாதி ஆயுசு போயிற்று. அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. டிவியில் ஒரு கார் வேகமாகத் திரும்பினால் தரையை அழுத்தும். வீட்டுக்காரர் இரண்டு கவளத்தைச் சேர்த்து விழுங்கினால் மேஜைக்கடியில் அழுத்தும். அவளுக்கே தெரியாது. கேட்டால், "நானா? நான் எப்போ?" என்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நூலகத்து மாடி அறை. வீட்டுக்காரர்தான் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சாவி, துடைப்பம், ஒழுகுகிற ஜன்னல் எல்லாம் அவர் பொறுப்பு. ஆறு மணிக்கே மடக்கு நாற்காலிகளை விரித்துவிடுவார். மொத்தம் இருபத்தாறு: பாடுகிறவர்களுக்கு இருபத்தைந்து, அவள் கைப்பைக்கு ஒன்று. அவள் உட்காருவதே இல்லை. பாட்டு தொடங்கியதும் அவர் கடைசி அலமாரிப் பக்கமாகப் போய் நின்றுகொள்வார். "நீங்களும் வாங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால், "நான் பாடினா புத்தகமெல்லாம் எழுந்து ஓடிடும். அப்புறம் யார் அடுக்குறது?" என்பார்.

பாடுகிறவர்கள் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். அவர் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் யாராவது முதலில் ஆரம்பித்தால்தான் திறப்பார். மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டைப் படிக்கிற வேகத்தில் பாட்டையும் படித்துவிட்டு, மற்றவர்கள் வருகிற வரைக்கும் காத்திருப்பார். குழாய் ரிப்பேர்காரர் அதற்கு நேர்மாறு. பிடித்த சுரத்தை விடமாட்டார். பாட்டு முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்கும்போதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அப்புறம் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். முதல் வரிசை, நல்ல குரல், பொல்லாத வாய்.

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு பாட்டு நடத்துவது பெரிய பாடு. ஆனால் அவளைக் கேட்டால் என்ன சொல்வாள் தெரியுமா? ஆறு நாளும் அந்நியர் கைகளைப் பார்த்துப் பார்த்து வயிற்றில் ஒரு பயம் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். வியாழக்கிழமை இருபத்தைந்து குரலும் ஒரு இடத்தில் வந்து சேருமே, தப்பித் தவறியாவது சேருமே, அந்த ஒரு நொடியில் முடிச்சு தானாக அவிழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் மிச்ச வாரத்தை ஓட்டினாள்.

சங்கீதம் முறையாகக் கற்றவள் இல்லை. அந்தக் குறை அவளுக்கு உள்ளூர உண்டு. அதனால் கைகளைப் பழக்கினாள். பெரிய குழுக்களை நடத்துகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, இடது கை மிதக்க, வலது கை வட்டமடிக்க, விரலைக் குவித்து முடிக்க, எல்லாம் பழகினாள். அந்தக் கைகள்மேல் அவளுக்கு ஒரு பெருமை. இருக்கட்டுமே, மனுஷிக்கு ஒரு பெருமைகூட இருக்கக் கூடாதா?

போன வருடம் அந்தப் பெருமைக்கு நல்ல அடி. நகர மண்டபத்தில் வருடா வருடம் எட்டுக் குழுக்கள் பாடும். இவர்கள் முறை வந்தது. மேடையில் அவள் நிற்கிற இடத்தைச் சுற்றி அழகுக்காக முழங்கால் உயரத்துக்குப் பூந்தொட்டிகள். பாட்டு பாதிவரை போயிற்று, அப்புறம் ஆளாளுக்கு ஒரு திசை. இடது பக்கம் பாட்டை முடித்துவிட்டுக் கும்பிடு போட்டது. வலது பக்கத்துக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. எல்லாரும் முடித்த பிறகும் குழாய்காரர் மட்டும் அந்தக் கடைசிச் சுரத்தில் தனியாக நின்றார். மண்டபமே சிரித்தது.

"அந்தப் பூந்தொட்டிங்கள மட்டும் வைக்காம இருந்திருந்தா!" என்று நாத்தனார் அங்கலாய்த்தாள்.

"பாடத் துப்பில்ல, பூந்தொட்டி மேல பழியா?" என்று இவள் எரிந்து விழுந்தாள். நாத்தனார் வாயைத் திறந்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற விஷயம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

விழாப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்மா. அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா உங்க இடத்த வேற குழுவுக்குத்தான் குடுக்க வேண்டியிருக்கும்" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இதற்கு நடுவில்தான் பேங்க் பொண்ணு வந்து சேர்ந்தாள். முப்பது வயது, பேங்கில் வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். ஆனால் சிக்னலில் நிற்கும்போது பயம் தெரியாமலிருக்க ஒரு பாட்டை மெல்ல முனகுவாள். அந்த முனகலைக் கேட்டதும் பிரேக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், இசைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவளாம்! அடுத்த வியாழக்கிழமையே மாடிக்கு இழுத்து வந்து கடைசி வரிசையில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கையிலிருக்கிற தாளைப் பார்த்தே பிசிறில்லாமல் பாடிவிடுவாள்.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்காவுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வாரம் நீயே நடத்து என்று பேங்க் பொண்ணிடம் விட்டாள். இரண்டாவது வாரம் மனசு கேட்காமல் மாடிப்படிவரை வந்து ஒளிந்து நின்று கேட்டாள். மூச்சை எங்கே எடுக்க வேண்டும், எந்த எழுத்தில் அழுத்தக் கூடாது, எல்லாவற்றையும் அந்தப் பெண் எவ்வளவு பதவிசாகச் சொல்லிக்கொடுத்தாள்! அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன.

மறுநாள் காரில் பேங்க் பொண்ணு புலம்பினாள். "அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையா அக்கா? எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு என் ஷூவையே பாக்குறாங்க. சேறு கீறு இருக்கோன்னு ரெண்டாவது வாரம் புது ஷூ வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். அப்பவும் அதையேதான் பாக்குறாங்க."

அக்கா அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்தாள். பாவம், ஏழு வருடம் தப்பாகப் பாடிவிட்டோமே என்கிற வெட்கத்தில் தலைகுனிந்திருக்கிறார்கள். இப்போதுதான் அவர்களுக்குச் சரியான ஆள் கிடைத்திருக்கிறாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "இந்தத் தடவையும் கவுந்துச்சுன்னா நான் விட்டுடுறேங்க. அந்தப் பொண்ணே நடத்தட்டும். தெரிஞ்சவ கையிலதான் இருக்கணும்."

அவர் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "அப்ப வியாழக்கிழமை எத்தன நாற்காலி போடணும்? இருபத்தஞ்சா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அவள்தான் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டாள்.

கடைசி ஒத்திகையைப் பேங்க் பொண்ணு போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள், வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும் என்று. அக்கா பார்த்தாள். தன் கைகளைப் பார்க்கத்தான் ஆசையாகத் திறந்தாள். கைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கீழே அது என்ன? அந்த வலது கால்! தூக்குகிறது, தட்டுகிறது, அழுத்துகிறது, ஓங்கி மிதிக்கிறது. கையெல்லாம் கச்சேரி, காலெல்லாம் தெருச்சண்டை. காது மடல்வரை சூடேறிவிட்டது. ஏழு வருடமாகவா இந்த அசிங்கம்? யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"இந்தக் காலுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று மறுநாள் பேங்க் பொண்ணிடம் கேட்டாள்.

"காலேஜ்ல எங்களுக்குக் கால ஆட்டவே கூடாதுன்னு சொல்லுவாங்க அக்கா. ஆனா உங்களுக்கு..."

"போதும்மா. இன்டிகேட்டர் போடு, வலது பக்கம் திரும்பு."

அடுத்த நாள்தான் விழா. இன்னொரு ஒத்திகைக்கு நேரமில்லை. நாளைக்கு இந்தக் கால் அசைந்தால் நான் நானில்லை என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. இந்த வருடம் மேடையில் பூந்தொட்டிகளைக் காணோம். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார். "எதுக்குங்க?" என்று கேட்டால், "சும்மாதான். பூ வாசத்துல யாராவது தும்மிட்டா?" என்றார். நடுவில் நடத்துகிறவர் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி போட்டிருந்தார்கள். அக்கா ஷூ நாடாவை இரண்டு முடிச்சாக இறுக்கிப் பெட்டிமேல் ஏறினாள். வலது காலை ஆணியடித்த மாதிரி ஊன்றினாள்.

முதல் பாட்டு ஒரு தாலாட்டு. கைகளை உயர்த்தினாள். கண்ணாடி முன்னால் அத்தனை காலம் பழகிய அதே வளைவு. வலது கை இறங்கியது.

ஒரு சத்தமும் இல்லை.

பார்த்தால், பேங்க் பொண்ணைத் தவிர இருபத்துநாலு தலையும் குனிந்திருக்கிறது. மறுபடியும் கையை இறக்கினாள். பேங்க் பொண்ணு மட்டும் சரியாகத் தொடங்கினாள்; அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள்; பேக்கரிக்காரர் இரண்டாவது வரியில் வந்து சேர்ந்தார். மருந்துக்கடைக்காரர் அதற்குள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். காலுக்குள் நரம்பெல்லாம் துடித்தது, மிதி மிதி என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். பாட்டு மூன்று தவணையில் முடிந்தது. வழக்கம்போலக் கடைசித் தவணை குழாய்காரருடையது. சபையில் மரியாதைக்கு நாலு கைதட்டல்.

தீர்ந்தது. அழக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அக்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். கடைசி வரிசையைப் பார்த்துக் கையசைத்தாள். "வாம்மா. அடுத்த பாட்டை நீ நடத்து."

பேங்க் பொண்ணு அசையவில்லை. மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. பாட்டுத் தாளால் வாயை மறைத்துக்கொண்டு சீறினாள்: "அண்ணி! கால் எங்க?"

"என்ன கால்?"

"உங்க கால்தான்! ஏன் இப்படிக் கட்டையா நிக்கிறீங்க? அதைப் பாக்காம நாங்க எப்படிப் பாடுறது?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என் கையப் பாத்துதானே..."

பேக்கரிக்காரர் மேற்கூரையைப் பார்த்தார். குழாய்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைப் போட்டு உடைத்தார். "உங்க கைய நாங்க ஒரு நாளும் பாத்ததில்லக்கா. குதிகால் எழுந்தா மூச்ச இழுக்கணும், தட்டினா பாடணும், மெதுவா அழுத்தினா நிதானம், ஓங்கி மிதிச்சா கப்சிப். புதுசா யாரு வந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுப்போம்."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

"ஒருத்தரும் சொல்லலையே!"

"நீங்க அவ்வளவு ஆசையா கைய ஆட்டுவீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், முதன்முறையாக நிறுத்தி நிதானமாக. "எப்படிக்கா சொல்றது? போன வருஷம் பூந்தொட்டி மறைச்சுடுச்சு. அதையும் சொல்ல முடியல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிரீச்சிட்டது. "அதுக்குத்தான் என் ஷூவப் பாத்தீங்களா? அடப்பாவிங்களா, ரெண்டு நாள் சம்பளம் அந்த ஷூ! கடைசி வரிசைன்னு என்கிட்ட மட்டும் யாரும் சொல்லலையே!"

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் வீணாய்ப்போன அத்தனை சாயங்காலங்கள்! அப்புறம் வேறொன்று உறைத்தது. இந்த வெட்கங்கெட்ட கால், இவள் மறைக்கப் பார்த்த கால், ஏழு வருடமாக இவர்களை ஒன்றாகக் கட்டி இழுத்திருக்கிறது. அவர்கள் குனிந்தது வெட்கத்தில் இல்லை. இவளைத் தேடித்தான் குனிந்திருக்கிறார்கள், இவள் இல்லாத இரண்டு வாரமும் வேறொருத்தி ஷூவில்கூட. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏறுங்க அக்கா" என்றாள் பேங்க் பொண்ணு. "எனக்கு அந்தக் கால் கிடையாது. இருந்திருந்தா நான் லைசென்ஸே வாங்கியிருப்பேனே."

அக்கா ஏறினாள். இரண்டாவது பாட்டு, மருந்துக்கடைக்காரர் எழுதிய நடைப் பாட்டு. 'ஒரு காலை எடுத்து வை, மறு காலும் வந்துவிடும்' என்று ஆரம்பிக்கும். கைகளைத் தூக்கினாள், பழக்கதோஷம். பிறகு குதிகாலை உயர்த்தினாள். உயர்த்தியபோது இருபத்தைந்து நெஞ்சும் அதோடு சேர்ந்து உயர்ந்ததை முதன்முதலாக, தன் கண்ணால் பார்த்தாள்.

தட்டினாள்.

டொம்!

அந்தப் பெட்டி உள்ளே வெறும் கூடு. மற்ற குழுக்காரர்கள் பூனை மாதிரி நின்றுவிட்டுப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. அவளே திடுக்கிட்டாள். ஆனால் எதிரே இருந்தவர்கள் நிற்கவில்லை. ஏழு வருடமாகக் கண்ணால் பார்த்ததை இப்போது காதாலும் கேட்டால் விடுவார்களா? பேக்கரிக்காரர் யாருக்காகவும் காத்திராமல் முதல் தட்டிலேயே வாயைத் திறந்தார். மேடைப் பலகை அதிர்ந்தது. டொம், டொம் என்று கால் போட, மருந்துக்கடைக்காரர் அதைத் தாண்டி ஒரு எட்டும் வைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் முன்வரிசைக் குழந்தைகள் தரையைத் தட்டத் தொடங்கின. மூன்றாவது சுற்றில் அவர்கள் அம்மா அப்பாக்கள். அப்புறம் மண்டபமே தட்டியது. விழாப் பொறுப்பாளர்கூடத் தட்டினார். இதை அவரே பிறகு மறுத்தார், யாரும் நம்பவில்லை.

அக்கா வியர்த்து விறுவிறுத்துப்போனாள். வயிற்றிலிருந்த முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்றே தெரியவில்லை. கடைசிச் சுரம். குழாய்காரர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நாடி நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. அக்கா காலைத் தூக்கி, முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்த மாதிரி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பெட்டியில் ஒரு பலகை பிளந்தது. இருபத்தைந்து வாயும் ஒரே நொடியில் மூடின. குழாய்காரர் வாயும்தான்.

அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற கைதட்டல். அக்கா திரும்பிக் கும்பிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துவரை போயிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. சபையின் கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் சாய்ந்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். கைதட்டல் தொடங்கிய பிறகும் அவர் வாய் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. 'மறு காலும் வந்துவிடும்.' நல்லவேளை, அந்த மண்டபத்தில் புத்தகங்கள் இல்லை.

"அடுத்த வருஷம் உங்களக் கடைசியா வைக்கிறேன்மா" என்றார் பொறுப்பாளர், பிளந்த பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டே. "இதுக்கப்புறம் யாரும் மேடை ஏற முடியாது."

வியாழக்கிழமை ஆறரைக்கு அக்கா மாடி ஏறினாள். எல்லாரும் வந்தாயிற்று. பேங்க் பொண்ணு முதல் வரிசைக்கு மாறியிருந்தாள். முந்தின நாள்தான் லைசென்ஸ் டெஸ்டில் தேறியிருந்தாள், நடைப் பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினாளாம். அறை நடுவில் பிளந்த பலகையை மாற்றி ஆணியடித்த அந்த மரப்பெட்டி. வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அவள் பழக்கத்தில் நாற்காலிகளை எண்ணினாள். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினாள். இருபத்தேழு.

"யாருக்குங்க இன்னொண்ணு?"

வீட்டுக்காரர் கடைசி அலமாரிப் பக்கம் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சொறிந்தார், சட்டைப் பொத்தானைத் திருகினார். "எனக்குத்தான். எங்க போட்டுக்கணும்னு தெரியல."

அக்கா பெட்டிமேல் ஏறி நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கால் தெரியுற இடத்துல போட்டுக்கங்க" என்றாள்.